அன்புக்கரசி அழிக்காத பக்கம்

கை கழுவாமல் அன்புக்கரசி கீபோர்டைத் தொடமாட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டு அலசி, தனக்கென்று ஆணியில் தொங்கவிட்டிருக்கும் பச்சைத் துண்டில் விரலிடுக்குகளைத் துடைத்து, அப்புறமும் ஒரு நிமிஷம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நிற்பார். ஈரம் முழுக்கப் போன பிறகுதான் கணினியின் மேல் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை விலகும்.

"பீங்கான் மாவு சார். நம்ம மூக்குக்குள்ள போனா தும்மிடலாம். கீக்குள்ள போனா அது என்னா பண்ணும், பாவம்!"

மணி ஒன்று பதினைந்து. ஒன்றரைக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் காலையில் அச்சடித்த பதினெட்டுத் தட்டுகளின் விவரத்தையும் அவர் ஏற்றி முடிக்க வேண்டும். அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செய்த துண்டுகளில் பென்சிலால் குறித்த விவரங்கள் ஒரு கிளிப்பில் கோத்திருக்கின்றன. கண் துண்டில் இருக்கிறது, பத்து விரல்களும் கீபோர்டில் ஓடுகின்றன. கீழே ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மின்வெட்டைப் பற்றி நாலு பேரிடம் கேட்டு எழுதுவதற்காக பீங்கான் பேட்டைக்குப் போன நான், மின்வெட்டை மறந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், வீட்டு மெயின் போர்டில் மாட்டும் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் அன்புக்கரசி சூப்பர்வைசர். வயது முப்பத்தாறு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் ஏழே முக்கால் பஸ்ஸில் வருகிறார். கணவர் ராஜமாணிக்கம் அங்கே கரும்பு போடுகிறார். பிளஸ் டூ முடித்ததும் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து ஆங்கில டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். டைப் அடிக்கும் வேலை கிடைக்கவில்லை. பிரஸ் அடிக்கும் வேலைதான் கிடைத்தது. இரும்பு அச்சில் மாவைக் கொட்டி, பிடியைச் சுற்றி இறக்கி, கட்டையை எடுத்துத் தட்டில் வைப்பது. பதினோரு வருஷம் அதைச் செய்தார். "கை ரெண்டும் பிரஸ்ஸு மாதிரியே ஆயிடுச்சு. வூட்ல சப்பாத்தி உருட்டுனாகூட எல்லாம் ஒரே அளவு" என்கிறார்.

முதலாளி தங்கதுரை ஒரு நாள் பில் போடுவதற்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கிவந்து வைத்தார். பில் எப்போதும்போல கையால்தான் போட்டார். கணினியில் சீட்டு விளையாடினார். அவர் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், திரையில் நோட்டுப் புத்தகம் போல ஒரு சின்னப் படத்தை அன்புக்கரசி பார்த்தார். குறிப்பு எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருள் அது. முன்பு கணினியை வைத்திருந்தவர் ஏற்றியது.

"தொறந்தேன், வெள்ளையா ஒரு பக்கம் வந்துது. தலைப்பு குடுன்னுது. 'மாவு'ன்னு அடிச்சேன். மூடிட்டு மறுபடி தொறந்தேன். அப்பவும் அப்படியே இருந்துது சார். நான் சொன்னதை ஒருத்தர் மறக்காம வச்சிருந்தது அன்னிக்குத்தான்."

அன்று ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக ஒரு நோட்டு. நோட்டுக்குள் மாவு, பிரஸ், காய்ச்சல், கிளேஸ், சூளை, பேக்கிங் என்று வரிசையாகத் தாவல்கள், அதாவது பிரிவுகள். காய்ச்சல் என்றால் பயப்பட வேண்டாம். கட்டைகளைக் காயவைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். கிளேஸ் என்பது சூளைக்குப் போகும் முன் கட்டையை முக்கி எடுக்கும் பளபளப்புப் பூச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம். யார் அச்சடித்தது, எந்த அச்சு, எந்த ராக்கில் காய்ந்தது, யார் முக்கியது, எந்த நாள் சூளைக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். முடிந்த வேலைக்கு எதிரே சின்னக் கட்டத்தில் ஒரு டிக். கெட்டுப்போனதற்குச் சிவப்புக் குறி.

வீட்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. கேஸ் சொன்ன தேதி, கரும்புக்கு உரம் வைத்த தேதி, 'திரௌபதி அண்ணி பேசவில்லை, மே 4', அதற்குக் கீழே 'பேசிவிட்டார், மே 19'. இரண்டுக்கும் டிக் போட்டிருக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் எழுத்து அந்தக் கணினியில் வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத்தான் அடிக்க வேண்டும். விரிசல் என்ற சொல்லுக்கு ஒரு நாள் எஸ் போட்டார், ஒரு நாள் சி போட்டார். தேடினால் பாதிப் பக்கங்கள் வந்தன, பாதி வரவில்லை. மூன்று மாதக் குறிப்புகளையும் உட்கார்ந்து திருத்தினார். பிறகு ஒரு சார்ட் அட்டையில் நாற்பது சொற்களை எழுதி, இதற்கு இந்த எழுத்துத்தான் என்று சுவரில் ஒட்டிவிட்டார். தங்கதுரை அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, ஸ்கூலு தொறந்துட்டியா?" என்று சிரித்தார்.

அவருடைய சிரிப்பு நின்றது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஜூலையில்.

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து இருபத்தைந்தாயிரம் ஜோடிக்கு ஆர்டர் வந்திருந்தது. அந்த யூனிட் அதுவரை பார்த்திராத பெரிய ஆர்டர். முதல் தவணையாக நாலாயிரம் போனது. அதில் அறுநூறுக்கு மேல் திரும்பி வந்தது. திருகாணி ஓட்டைக்கு அருகே மயிரிழை விரிசல். சும்மா பார்த்தால் தெரியாது. நீல மையில் முக்கித் துடைத்தால் மெல்லிய கோடாகத் தெரியும். திரும்பி வந்தவற்றின் பெட்டி எண்ணைப் பார்த்து, அவை எந்தெந்தத் தட்டில் இருந்தவையோ அந்தந்தப் பக்கத்தில் அன்புக்கரசி 'விரிசல்' என்று ஏற்றினார். அடுத்த லோடும் இப்படி வந்தால் ஆர்டர் ரத்து என்று கம்பெனி எழுதியிருந்தது. ஆர்டர் போனால் ஷெட்டில் வேலை செய்யும் பதினான்கு பெண்களுக்கும் வேலை இருக்காது.

தங்கதுரை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, முடிவு சொன்னார்.

"கொளஞ்சிதான். கட்டைய ரொம்ப நேரம் முக்கி வைக்கிது. ஊறிப்போய் வெடிக்கிது. சனிக்கெழமையோட நின்னுக்கச் சொல்லிடு. உன் நோட்டுலயும் எழுதிக்க."

கொளஞ்சியம்மாள் நல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர். பத்தொன்பது வருஷமாக கிளேஸ் தொட்டியருகே நிற்பவர். அன்புக்கரசிக்கு முதலாளியிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அவர் சொன்னபடியே அடித்தார்: 'விரிசல். காரணம் கொளஞ்சி.' அடித்துவிட்டு, தானாகக் கடைசியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தார்.

சேதியைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொன்னார். கொளஞ்சியம்மாள் அழவில்லை. கையிலிருந்த கட்டையைத் தொட்டியில் முக்கி, எடுத்து, உதறி, தட்டில் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பத்தொம்பது வருசமா இதே கைதான் அன்பு. இப்பதான் கெட்டுப்போச்சா? நான் யாருகிட்டயும் வந்து நிக்கமாட்டேன். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது கட்டுறேன். அவரு கேக்கட்டும்."

தனக்கு நேர்ந்த அநியாயத்தைத் தாளில் எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவது அந்த வட்டாரத்தில் எல்லாரும் செய்வது. ஆனால் கொளஞ்சியம்மாளுக்கு எழுதத் தெரியாது.

"நீதான் எந்நேரமும் எழுதிக்கினே இருக்கியே. எனக்கு ஒரு தாளு எழுதிக் குடு."

முதலாளியின் குற்றச்சாட்டை எழுதிய அதே கையால் கொளஞ்சியம்மாளின் பிராதையும் எழுத வேண்டும். அன்புக்கரசி மறுக்கவில்லை. ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கைகளைக் கழுவிவிட்டு, கணினியின் முன்னால் உட்கார்ந்தார்.

"எதுக்கு இப்ப அதைத் தொறக்கற?" என்று கேட்டார் கொளஞ்சியம்மாள்.

"எந்தெந்தத் தேதில வெடிச்சுதுன்னு சரியா எழுதணுமில்லக்கா? சாமிகிட்ட தப்பாச் சொல்லக் கூடாது."

தேடும் கட்டத்தில் 'விரிசல்' என்று அடித்தார். அறுபத்து மூன்று பக்கங்கள் வந்தன. தாளில் ஒவ்வொரு தேதியாகக் குறித்துக்கொண்டே போனவர், ஜூன் பத்தாம் தேதியில் நின்றார். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

"அக்கா, உம் பொண்ணுக்குப் பிரசவம்னு லீவு போட்டியே, அது எப்ப?"

"ஆனி பொறக்கறதுக்கு முன்னாடி. நாலு நாளு. ஏன்?"

அந்த நாலு நாளும் தொட்டியில் நின்றது விருத்தாம்பாள் என்ற இன்னொரு பெண். அந்த நாலு நாள் தட்டுகளிலும் விரிசல். அளவில்கூட மாற்றம் இல்லை. கொளஞ்சியம்மாள் ஊரிலேயே இல்லாதபோதும் கட்டைகள் அதேபோல வெடித்திருக்கின்றன.

"நீ போயி வேலையப் பாருக்கா. தாளு நாளைக்கு எழுதலாம்" என்று அவரை அனுப்பிவிட்டார் அன்புக்கரசி. கொளஞ்சியம்மாள் மேல் தப்பில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் விரிசலுக்கு வேறு காரணம் காட்டாவிட்டால் முதலாளி அடுத்ததாக விருத்தாம்பாளைக் கைகாட்டுவார்.

அறுபத்து மூன்று பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். அச்சடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். அச்சும் வேறு வேறு. மாவு மூன்று முறை புதிதாக அரைத்தது. சூளைக்குப் போன நாட்களும் வேறு. ஒரே ஒரு வரி மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருந்தது: 'மேற்கு ராக்.'

ஷெட்டில் கட்டைகள் காய்வதற்கு நான்கு ராக்குகள் உண்டு. கிழக்கில் இரண்டு, நடுவில் ஒன்று, மேற்குச் சுவரை ஒட்டி ஒன்று. எது எங்கே காய்ந்தது என்றெல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று தங்கதுரை பல தடவை கேட்டிருக்கிறார். "எழுத எடம் இருந்துது, எழுதுனேன்" என்பதுதான் அன்புக்கரசியின் பதில்.

மேற்கு ராக் பல வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. மே மாதம் வரை அதில் ஒரு விரிசல்கூட இல்லை. அப்படியானால் மே மாதக் கடைசியில் ஏதோ மாறியிருக்க வேண்டும். கட்டடத்தில் நடந்த வேலைகளுக்கென்று 'ஷெட்' என்ற ஒரு தாவல் இருந்தது. அதைத் திறந்தார். மே 28ஆம் தேதிப் பக்கம் இப்படி இருந்தது:

'மேற்குச் சுவரில் இரண்டு தகரம் கழற்றியாச்சு. காற்றுக்காக. நான் கேட்டு.'

அந்தக் கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் ஒரு பெண் மயங்கி விழுந்தார். தகரத்தைக் கழற்றிக் காற்று வரவிடுங்கள் என்று அன்புக்கரசிதான் முதலாளியிடம் கேட்டு வாங்கினார். கழற்றிய நாளன்று எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். ஜூன் பிறந்ததும் மேல்காற்று வீச ஆரம்பித்தது. நேராக அந்தத் திறப்பு வழியே புகுந்து, ராக்கில் இருந்த பச்சைக் கட்டைகளின் ஒரு பக்கத்தை மட்டும் வேகமாகக் காயவைத்தது. மறுபக்கம் ஈரமாகவே இருந்தது. ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் சுருங்காமல் இழுத்துக்கொண்டதில், மெலிந்த இடமான திருகாணி ஓட்டையருகே கண்ணுக்குத் தெரியாமல் பிளந்திருக்கிறது. சூளையில் அது நிலைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது. இன்னும் ஏழெட்டு நிமிஷம்தான் ஓடும்.

"ஒரு பட்டனத் தட்டுனா அந்தப் பக்கம் போயிடும் சார். யாருக்கும் தெரியாது. தகரத்த நான்தான் கழட்டச் சொன்னேங்கறது மொதலாளிக்கே ஞாபகம் இருந்துருக்காது. நான் அப்படி நெனைக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். நெனைச்சேன்."

கூவல் நிற்கும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்துபோய் மேற்கு ராக்கில் ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காற்றுப் பக்கம் ரொட்டி மாதிரி வறண்டிருந்தது. திருப்பி வைத்தால் சில்லென்று இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கதுரை வந்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டு அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். கொளஞ்சியம்மாள் இல்லாத நாலு நாட்களைக் காட்டினார். மேற்கு ராக்கைக் காட்டினார். கடைசியாக மே 28ஐத் திறந்தார்.

தங்கதுரை உதடு அசைய மெதுவாகப் படித்தார். "நான் கேட்டுன்னா? யாரு?"

"நான்தான் மொதலாளி. தகரம் கழட்டச் சொன்னது நான். கொளஞ்சி அக்கா மேல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. நிறுத்தறதுன்னா என்னைய நிறுத்துங்க."

தங்கதுரை விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கத்த அழிச்சிட்டு, காத்துன்னு மட்டும் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது."

"அப்பறம் ஏன் காட்டுன?"

"ஒண்ண அழிச்சா மீதிய யாரு நம்புவாங்க மொதலாளி? அக்கா லீவு போட்ட நாலு நாளையும் இதே நோட்டுல இருந்துதானே காட்டுனேன்?"

இதைச் சொல்லும்போது அன்புக்கரசியின் முகத்தை நான் கவனித்தேன். இன்றைக்கும் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. ஆனால் குரல் தாழவில்லை.

தங்கதுரை எழுந்தார். ஷெட்டுக்குள் போனார். பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொளஞ்சி, உம் மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீ எங்கயும் போவ வேணாம்" என்றார். கொஞ்சம் நின்று, "தப்பு காத்து மேல" என்று சேர்த்துவிட்டுத் திரும்பினார். அன்புக்கரசியின் பெயரை அவர் சொல்லவில்லை. அன்புக்கரசியே முன்னால் வந்து, தகரம் கழற்றச் சொன்னது தான்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கொளஞ்சியம்மாள் தொட்டியை விட்டு நகரவில்லை. "அப்ப பிராது?" என்றார்.

"தேவையில்லக்கா."

"சாமிக்கே வேல இல்லாமப் பண்ணிட்டியே!" என்று அவர் சொன்னதும் ஷெட்டே சிரித்தது.

தகரத்தை மறுபடி அடித்துவிடலாம் என்றார் தங்கதுரை. அன்புக்கரசி விடவில்லை. அடித்தால் கட்டை பிழைக்கும், பெண்கள் மயங்கி விழுவார்கள். பதிலாக மேற்கு ராக்கைப் பெயர்த்துக் கிழக்குப் பக்கம் கொண்டுபோனார்கள். எட்டுப் பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். காலியான இடத்தில் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். கட்டைகளை வாட்டிய அதே காற்று இப்போது அவர்கள் முதுகில் வீசியது. புதிதாக ஒரு நோட்டு ஆரம்பமானது. தட்டுகளைக் காலையிலும் மாலையிலும் திசை மாற்றி வைக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கு போட வேண்டும். செய்தவர் பெயருக்கு எதிரே டிக் விழ வேண்டும்.

பத்து நாள் கழித்து முதல் தட்டுகள் சூளையிலிருந்து வந்தன. ஆயிரம் கட்டைகளை நீல மையில் முக்கித் துடைத்தார்கள். நாலில் மட்டும் கோடு தெரிந்தது. அடுத்த ஆயிரத்தில் ஒன்றிலும் இல்லை. மையில் தோய்ந்த விரல்களோடு விருத்தாம்பாள் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாராம். ஏன் ஓடினேன் என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்தைந்தாயிரமும் கெடு தேதிக்கு ஆறு நாள் முன்னதாகவே லாரி ஏறியது.

அதற்கப்புறம் கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். எப்படிச் சரிசெய்தார்கள் என்று பார்க்க வந்தவர். பேக் செய்திருந்த பெட்டிகளில் ஒன்றை இஷ்டத்துக்குக் காட்டி, "இதில் இருப்பது யார் செய்தது?" என்று கேட்டார். பெட்டியின் எண்ணை அன்புக்கரசி அடித்தார். அச்சடித்தவர், காய்ந்த ராக், திருப்பி வைத்தவர், முக்கியவர், சூளைக்குப் போன நாள் எல்லாம் வந்து நின்றன. அவர் இன்னொரு பெட்டியைக் காட்டினார். அதுவும் வந்தது. மூன்றாவதைக் காட்டவில்லை. எங்கள் கம்பெனியில்கூட இப்படிச் சொல்ல ஆள் இல்லை என்று தங்கதுரையிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கம்பெனியின் ஆர்டர் இன்றுவரை நிற்கவில்லை. யூனிட்டில் இப்போது இருபத்திரண்டு பெண்கள்.

கொளஞ்சியம்மாளுக்குத் தன் பெயர் திரையில் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். கே என்ற முதல் எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார். "கால நீட்டிக்கினு நிக்கறது நான்தானே?" என்று சாயங்காலம் கிளம்பும் முன் வந்து எட்டிப் பார்க்கிறார். தன் பக்கங்களில் சிவப்பு இல்லாவிட்டால் "போயிட்டு வரேன்" என்கிறார். இருந்தால் உட்கார்ந்துவிடுகிறார். என்ன ஆயிற்று என்று தெரியாமல் பஸ்ஸுக்குப் போவதில்லை.

நான் போயிருந்த அன்று சரியாக ஒன்றரைக்குக் கரண்ட் போய், மூன்றரைக்கு வந்தது. அன்புக்கரசி மறுபடி கை கழுவி உட்கார்ந்தார். அப்போது மேஜைத் தொலைபேசி அடித்தது. தங்கதுரை எடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு என்பது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளங்கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அன்புக்கரசி பக்கம் திரும்பினார்.

"பொங்கலுக்குள்ள அம்பதாயிரம் கேக்கறாங்க. என்னாம்மா சொல்லட்டும்?"

அன்புக்கரசி திரைப் பக்கம் திரும்பினார். போன வருஷத்து ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைத் திறந்தார். மழை நாட்களில் ஒரு தட்டு காய எத்தனை நாள் பிடித்தது என்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். ரிசீவருக்குள் யாரோ 'ஹலோ, ஹலோ' என்பது எனக்கே கேட்டது. தங்கதுரை கையை எடுக்காமல் காத்திருந்தார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அன்புக்கரசி இடது கையைத் தூக்கி, முப்பதாயிரம்தான் என்று மூன்று விரல்களைக் காட்டினார்.